நார்வே கடற்கரைக் கப்பல்: எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே கப்பலிலேயே இருக்கலாம்?

மே மூன்றாம் வாரத்தில் பெர்கனிலிருந்து கிளம்பி, ரஷ்ய எல்லையோரம் உள்ள கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பும் பன்னிரண்டு நாள் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டீர்கள். கணவன் மனைவி இருவர், கூடவே முட்டிவலி உள்ள எழுபது வயது அம்மா. கப்பல்காரர்கள் விற்கும் கரைச் சுற்றுலாக்களை எல்லாம் வாங்கினால் இன்னொரு பயணச்சீட்டு விலை ஆகிவிடும் போலிருக்கிறது. எதை வாங்கலாம், எங்கே நாமே இறங்கி நடக்கலாம், கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது உல்லாசக் கப்பல் இல்லை, கடலில் ஓடும் டவுன் பஸ். சரக்கு ஏற்றும், தபால் கொண்டுபோன வழித்தடம் இது. பக்கத்து ஊருக்குப் போகிற உள்ளூர்க்காரர்களும் ஏறி இறங்குவார்கள். 1893 ஜூலை 2-ஆம் தேதி ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலை ட்ரான்ஹெய்மிலிருந்து ஹாம்மர்ஃபெஸ்டுக்கு ஓட்டித் தொடங்கிவைத்தார். அதற்கு முன் அந்தக் கரையில் இருட்டில் யாரும் கப்பல் ஓட்டத் துணியவில்லை. பாறைகள் அதிகம், விளக்குகள் குறைவு. வித்தும் அவருடைய மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் பல ஆண்டுகளாக ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் திசை, வேகம், ஆகும் நேரம் மூன்றையும் குறித்து வைத்திருந்தார்கள். திசைகாட்டி, கடிகாரம், அந்தக் குறிப்பு ஆகியவற்றை நம்பித்தான் இரவில் ஓட்டினார்கள். இன்றைக்கும் இந்தப் பயணத்தில் கடிகாரம்தான் எஜமான். ஹுர்டிக்ருட்டன், ஹவிலா என்று இரண்டு நிறுவனங்கள் ஒரே அட்டவணையைப் பங்கிட்டு ஓட்டுகின்றன. 34 துறைகள், போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய அதே துறைகள்தான், ஆனால் வேறு வேறு மணியில்.

இந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில். போகும்போது அதிகாலை மூன்றேகாலுக்குத் தொடும் ஊரை, வரும்போது பிற்பகல் நான்கு மணிக்குத் தொடுவீர்கள். ஆகவே ஊரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், மணியைப் பார்த்துப் போடுங்கள். உங்கள் சீட்டோடு வந்த அட்டவணையை எடுத்து ஒவ்வொரு துறைக்கும் வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம் இரண்டையும் எழுதுங்கள். இடைவெளியிலிருந்து 35 நிமிடத்தைக் கழியுங்கள். கப்பலைக் கட்டி ஏணிப்பாலம் போட்டு நீங்கள் கீழே இறங்கப் பத்து நிமிடம், திரும்பி வந்து ஏறப் பதினைந்து நிமிடம், தவறுக்கு இடமாகப் பத்து. மிச்சம் நிற்பதுதான் உங்கள் கையிருப்பு. அதுவும் முக்கால் மணிக்குக் குறைவாக இருந்தால், கீழே நான் பெயர் சொல்லி இறங்கச் சொல்லும் ஊர்கள் தவிர, துறை மேடையைத் தாண்ட வேண்டாம். பாதிக்கு மேற்பட்ட துறைகள் இப்படித்தான் விழும். அங்கே கப்பல் நிற்பது சரக்குக்காக. வேலை சீக்கிரம் முடிந்தால் ஒரு நிமிடம்கூட வீணாக்க மாட்டார்கள். கப்பல் தாமதமாக வந்தாலும் அந்தத் தாமதத்தை ஈடுகட்டுவது துறையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துத்தான். ஏணிப்பாலத்தின் அருகே ஒரு பலகையில் அன்றைய புறப்பாட்டு நேரம் இருக்கும். அச்சடித்த அட்டவணையை விடுங்கள். இறங்கும்போது அந்தப் பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே நான் சொல்லும் மணிகள் உத்தேசம். உங்கள் சீட்டில் இருப்பதே கணக்கு.

வடக்கே போகும் வழியில் முதல் பெரிய நிறுத்தம் இரண்டாம் நாள் ஓலெசுண்ட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கப்பல் இங்கிருந்து கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடற்கழி) நுழைந்துவிடும். மே மாதத்தில் அது கிடையாது. அதற்குப் பதில் காலை பத்து மணி வாக்கிலிருந்து இரவு எட்டு வரை ஊரிலேயே நிற்கும். கெய்ராங்கர் போச்சே என்று வருந்த வேண்டாம், பத்து மணி நேரம் ஓர் ஊரில் கிடைப்பது இந்தப் பயணத்தில் இங்கே மட்டும்தான். 1904 ஜனவரி 23 அன்று ஊரின் நடுப்பகுதி எரிந்து சுமார் பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள், இறந்தவர் ஒரே ஒருவர். பிறகு மரவீடு கட்டக்கூடாது என்றாகி, சில ஆண்டுகளுக்குள் கல்லாலும் செங்கல்லாலும் முழு நகரத்தையும் அப்போது புதிதாயிருந்த யூகன்ட் (ஆர்ட் நூவோ) பாணியில் எழுப்பிவிட்டார்கள். தெருவில் நடக்கும்போது கடைக் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைத் தூக்கிப் பாருங்கள்: கோபுர முனைகள், வாசல் வளைவில் பின்னிய கொடிகள், கல்லில் முகங்கள். பழைய அன்னப்பறவை மருந்துக்கடை இப்போது இந்தப் பாணிக்கான அருங்காட்சியகம். உள்ளே மரப் படிக்கட்டும் மருந்து அலமாரிகளும் அப்படியே இருக்கின்றன. அக்ஸ்லா குன்றுக்கு 418 படிகள். அம்மாவுக்கு அது வேண்டாம். மேலே வரை சாலை இருக்கிறது, டாக்சியில் ஏற்றிவிட்டு நீங்கள் படியேறலாம். இங்கே கப்பல் சுற்றுலா எதுவும் தேவையில்லை.

மூன்றாம் நாள் ட்ரான்ஹெய்ம். போகும்போது காலை பத்து முதல் பகல் ஒரு மணி வரை. திரும்பும்போது காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. நிடரோஸ் தேவாலயத்தின் உள்ளே போக வேண்டுமானால் போகும் வழியில்தான் முடியும், திரும்பும்போது கதவு திறக்கும் நேரத்தில் நீங்கள் கப்பலுக்கு ஓட வேண்டியிருக்கும். அன்று ஞாயிறாக இருந்தால் காலையில் வழிபாடு. பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள், வெளியே நின்று பார்ப்பதோடு சரி. துறையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர், நிதானமாக அரை மணி நடை. 1030-இல் போரில் மாண்ட ஓலாவ் மன்னரின் சமாதி மேல் 1070 வாக்கில் தொடங்கிய கட்டடம் இது. பலமுறை எரிந்து, 1869-இல் தொடங்கிய சீரமைப்பு 2001 வரை நீண்டது. மேற்கு முகப்பில் வரிசை வரிசையாக நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டு வேலை. வடமேற்குக் கோபுர உச்சியில் நிற்கும் மிக்கேல் தேவதூதருக்கு, சிற்பி கிறிஸ்டோஃபர் லெய்ர்டால் பாடகர் பாப் டிலனின் முகச்சாயலைக் கொடுத்தார். கண்ணுக்கு எட்டாத உயரம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். திரும்பும் வழியில் கிடைக்கும் காலை வேளையை நிடெல்வா ஆற்றங்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாலத்தில் நின்றால் நீரில் கால் ஊன்றி நிற்கும் மரக் கிடங்குகளின் வரிசை தெரியும். காலை வெயில், கூட்டமே இருக்காது.

நான்காம் நாள் காலை ஏழு மணி சுமாருக்கு ஆர்க்டிக் வட்டம். சிறு தீவில் ஓர் உலோக உருண்டை இருக்கும், கப்பலிலிருந்தே பார்க்கலாம். பிற்பகலில் பூடோவில் இரண்டரை மணி நேரம். இங்கே கப்பல் விற்பது 33 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சால்ட்ஸ்ட்ராவ்மென் நீரோட்டம். மூன்று கிலோமீட்டர் நீளமும் 150 மீட்டர் அகலமுமான நீரிணை வழியாக 40 கோடி கன மீட்டர் கடல்நீர் ஆறு மணிக்கொரு முறை உள்ளே போய் வெளியே வருகிறது, வேகம் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வரை. சுழிகள் பத்து மீட்டர் அகலம் வரும். ஆனால் வாங்குமுன் வரவேற்பு மேசையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு உச்ச வேகம் எத்தனை மணிக்கு? நீரோட்டம் திசை மாறும் வேளையில் போய்ச் சேர்ந்தால் குளம்போல் சும்மா கிடக்கும், காசு போனதுதான் மிச்சம். நேரம் பொருந்தினால் வாங்குங்கள். தனி டாக்சியில் போகாதீர்கள். போகவர அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். பூடோவில் கப்பலை விட்டால் அடுத்த துறை லோஃபோட்டன் தீவுகளில், இடையே திறந்த கடல்.

ஐந்தாம் நாள் ட்ரொம்சோ, பிற்பகல் இரண்டேகாலிலிருந்து நான்கு மணி நேரம். பாலத்துக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஊர் இரண்டாகக் கிடக்கிறது. இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டவர்கள் இரண்டையும் பாதி பார்த்துவிட்டு வருவார்கள். வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம்: நகரப் பேருந்தில் பாலம் தாண்டி, 1965-இல் கட்டிய ஆர்க்டிக் தேவாலயம், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் 421 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கேபிள் கார். கேபிள் காரில் இறங்குவதற்குத்தான் வரிசை நீளும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கப்பல் கிளம்ப ஒன்றரை மணி இருக்கும்போதே மேலிருந்து இறங்கும் வரிசைக்கு வந்துவிடுங்கள். மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தால் ஏறாதீர்கள், வெள்ளையாக ஒரு சுவரைத்தான் பார்ப்பீர்கள். அன்றைக்கு இந்தப் பக்கமே இருந்து போலார் அருங்காட்சியகம் போங்கள். பழைய சுங்கக் கிடங்கு அது. கடல்நாய் (சீல்), வெள்ளைக்கரடி வேட்டைக்காரர்களின் குளிர்காலக் குடிசை, துருவப் பயணி அமுண்ட்சென் சாமான்கள் எல்லாம் உண்டு, துறையிலிருந்து பத்து நிமிடம். பாலத்தை நடந்து கடப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்று அடித்தால் அம்மாவால் நிற்கவே முடியாது. திரும்பும் வழியில் கப்பல் இங்கே நள்ளிரவுக்கு வரும். அப்போது ஆர்க்டிக் தேவாலயத்தில் நள்ளிரவுக் கச்சேரி என்று ஒரு சுற்றுலா விற்பார்கள். மே 20-க்குப் பிறகு ட்ரொம்சோவில் சூரியன் மறையாது என்பதால் வெளியே வந்தாலும் வெளிச்சம் இருக்கும். பாட்டு கேட்கும் குடும்பமானால் வாங்கலாம்.

ஆறாம் நாள் ஹானிங்ஸ்வோக். முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் இரண்டே முக்கால் வரை. சுற்றுலா ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்று நீங்கள் சொன்னால், அது இங்கிருந்து 34 கிலோமீட்டரில் இருக்கும் நார்த் கேப் ஆகட்டும். 307 மீட்டர் செங்குத்துப் பாறை, வட அட்சரேகை 71 பாகை 10 கலை. (அதைவிட வடக்கே நீளும் ஒரு தாழ்ந்த முனை பக்கத்திலேயே இருக்கிறது, க்னிவ்ஷெல்லோடன் என்று பெயர். ஆனால் பேருந்து பாறைக்குத்தான் போகும்.) மற்ற எல்லா இடத்திலும் சொந்தமாகப் போகச் சொல்லிவிட்டு இங்கே மட்டும் ஏன் வாங்கச் சொல்கிறேன்? மே மாதத்தில்கூட அந்த மேட்டுச் சாலையில் பனி வீசும். போகவர ஒன்றரை மணி நேரம் சாலையிலேயே போய்விடும். வழியில் எது நடந்தாலும் கப்பல் சுற்றுலாப் பேருந்துக்குக் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்சிக்குக் காத்திருக்காது. மூடுபனி மட்டும் யார் கையிலும் இல்லை. பனிமூட்டம் என்பதற்காகச் சுற்றுலாவை ரத்து செய்து பணம் தர மாட்டார்கள். அம்மா காற்றில் நிற்க முடியாவிட்டால் உள்ளே பாறையைக் குடைந்து கட்டிய மண்டபத்தில் திரைப்படம் ஓடும், 1907-இல் வந்துபோன சயாம் மன்னர் சுலலோங்கோர்னுக்கு ஒரு சிறு தாய்லாந்து அருங்காட்சியகம்கூட இருக்கிறது.

இதே இடத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. திரும்பும்போது கப்பல் அதிகாலை ஐந்தரை வாக்கில் ஹானிங்ஸ்வோக்கைத் தொடும். அங்கே இறங்கி, பேருந்தில் நார்த் கேப் போய்க் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டு, சாலை வழியாக ஹாம்மர்ஃபெஸ்டில் கப்பலைப் பிடிக்கிற சுற்றுலா. கோடைக்கால ஏற்பாடு, உங்கள் தேதிக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கிடைத்தால் கூட்டம் குறைவு, கடலடிச் சுரங்கப் பாதையும் கலைமான் மேய்ச்சலும் கூடுதல். போகும் வழியில் மிச்சமாகும் நேரத்துக்கு ஹானிங்ஸ்வோக் ஊரையே பார்க்கலாம். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கை ஏறக்குறைய முழுவதும் கொளுத்திக்கொண்டே போனது. இந்த ஊரில் தப்பியது வெள்ளை மரத் தேவாலயம் ஒன்றுதான். திரும்பி வந்தவர்கள் வீடு எழும்பும்வரை அதற்குள்ளேயே தங்கினார்கள். வடக்கே எல்லா ஊரும் ஏன் ஒரே மாதிரிப் பெட்டி வீடுகளாக இருக்கிறது என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு துறையில் இறங்கி அடுத்த துறையில் ஏறும் சுற்றுலாக்கள்தான் கொடுத்த காசுக்கு நியாயமானவை. கப்பல் தீவைச் சுற்றி வரும் நேரத்தில் நீங்கள் குறுக்கே தரைவழியாகப் போய்விடுகிறீர்கள்; நிறுத்த நேரம் எவ்வளவு என்ற கவலையே இல்லை. திரும்பும் வழியில் ஹார்ஸ்டாட் முதல் சோர்ட்லாண்ட் வரை ஒன்று: ட்ரொண்டெனெஸ் இடைக்காலக் கல் தேவாலயம், பிறகு படகில் ஒரு ஃபியோர்டு. கடைசி நாளுக்கு முந்தைய மாலை கிறிஸ்டியான்சுண்ட் முதல் மோல்டே வரை இன்னொன்று: எட்டுப் பாலங்களால் தீவுகளைக் கோத்து 1989-இல் திறந்த அட்லாண்டிக் சாலை. நார்த் கேப்போடு இந்த இரண்டில் ஒன்றைச் சேர்த்தால் போதும் என்பது என் கணக்கு.

ஏழாம் நாள் காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை கிர்கெனெஸ். ஒளிக்காமல் சொன்னால் பார்க்க அதிகமில்லை. போரில் முன்னூறுக்கு மேற்பட்ட முறை குண்டு விழுந்த ஊர். மக்கள் ஒளிந்த ஆண்டர்ஸ்குரோட்டா என்னும் பாறைச் சுரங்கமும், 1944 அக்டோபரில் விடுவித்த சோவியத் செஞ்சேனை வீரனின் சிலையும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ரஷ்ய எல்லை வரை பேருந்தில் அழைத்துப்போவார்கள். கம்பத்தையும் பலகையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான். எல்லையில் காலைக்கூட அந்தப் பக்கம் வைக்கக்கூடாது, விளையாட்டுக்குக் கல்லெறிந்தாலும் அபராதம். இன்னொரு வம்பு கைபேசியில் வரும். எல்லையோரம் ரஷ்ய, ஃபின்லாந்து கோபுரங்களின் அலை பிடித்துக்கொண்டு கைபேசிக் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும்; பிறகு பழையபடி திரும்பும். மணியைத் தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டுச் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

அன்று பிற்பகல் திரும்பும் பயணத்தின் முதல் நிறுத்தம் வார்டோ. முழுதாக ஒரு மணி நேரம்தான், ஆனால் கட்டாயம் இறங்க வேண்டிய ஊர். கோட்டை, ஸ்டெயில்னெஸெட் நினைவிடம் என்று இரண்டு. நடுத்தர வயதுக் கால்களுக்கு இரண்டும் முடியும், அம்மாவோடு ஒன்றுதான். நான் நினைவிடத்தைச் சொல்வேன். 17-ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று ஃபின்மார்க்கில் கொல்லப்பட்ட 91 பேருக்காக 2011-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் மரச் சட்டங்களில் தொங்கவிட்ட 125 மீட்டர் நீளத் துணிக் கூடம், உள்ளே இருட்டு, ஒருவருக்கு ஒரு சிறு சன்னல், ஒரு விளக்கு, அவருடைய வழக்கின் வரலாறு. காற்றில் கூடம் முனகும். பக்கத்துக் கறுப்புக் கண்ணாடி அறையில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா செய்த நாற்காலி, நடுவே அணையாமல் எரியும் தீ. கட்டணம் கிடையாது. கோட்டைக்குப் போனால் எட்டு முனை நட்சத்திர வடிவில் 1730-களில் கட்டிய மதில்கள். இந்த வார்டோவுக்கு 1599-இல் டென்மார்க்-நார்வே மன்னர் நான்காம் கிறிஸ்டியான் தானே கப்பலில் நார்த் கேப்பைச் சுற்றி வந்தார். இருபத்தோரு ஆண்டு கழித்துத் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழும்பியது அதே மன்னருக்காகத்தான். ஒரே கொடி, ஒன்று பனியில், ஒன்று வெயிலில்.

இந்தப் பக்கத்து மீன் ஆலைகளில் 1980-களிலிருந்தே ஈழத் தமிழர்கள் வேலை பார்த்து வந்திருக்கிறார்கள். ஃபின்மார்க்கின் ஏதாவது ஒரு சிறு துறையில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எட்டாம் நாள் முற்பகல் ஹாம்மர்ஃபெஸ்டில் இரண்டு மணி நேரம். துறைக்குப் பக்கத்தில் மறுகட்டுமானத்துக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, 1944 கதை முழுக்க அங்கே. குடாவுக்கு எதிர்ப்புறம் ஃபுக்லெனெஸில் ஒரு தூண். நடந்தால் அரை மணிக்கு மேல், டாக்சியில் ஐந்து நிமிடம். 1816 முதல் 1855 வரை இங்கிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டருக்குப் பூமியின் வளைவை முக்கோணம் முக்கோணமாக அளந்த ஸ்ட்ரூவ வில்லின் வடமுனை அது. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியதும் இதே ஜாதி வேலை. பரங்கிமலை ஏறியவர்களுக்கு அந்தத் தூண் வெறும் கல்லாகத் தெரியாது.

ஒன்பதாம் நாள் பிற்பகல் ஸ்டோக்மார்க்னெஸில் ஒரு மணி நேரம். ரிச்சர்ட் வித்தின் ஊர். 1956-இல் கட்டிய ‘ஃபின்மார்க்கன்’ கப்பலை அப்படியே கரையேற்றிக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள், ஏணிப்பாலத்திலிருந்து சில நிமிட நடை. ஒரு மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இதைவிடப் பொருத்தமான இடம் வழியில் வேறில்லை.

அன்று மாலை ஆறரை முதல் எட்டரை வரை ஸ்வோல்வார். எல்லோரும் நினைவுப்பொருள் கடைக்குள் போய்விடுவார்கள். நீங்கள் பாலம் தாண்டி ஸ்வினோயா பக்கம் நடந்து கருவாட்டுப் பந்தல்களைப் பாருங்கள். மே கடைசியில் போவதன் பெரிய லாபமே இதுதான், ஜூனில் இறக்கிவிடுவார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் காட் மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, ஒத்த அளவுள்ள இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டிக் கழிகளில் இருபக்கமும் தொங்கப்போடுகிறார்கள். ஒரு கல் உப்பு கிடையாது. நம் ஊரில் உப்பும் வெயிலும் செய்கிற வேலையை இங்கே பூஜ்யத்தை ஒட்டிய குளிரும் காற்றும் செய்கின்றன. வெப்பம் ஏறினால் ஈ முட்டையிட்டுவிடும், கடுங்குளிர் அடித்தால் சதை உறைந்து உள்ளே பஞ்சாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் சில மாதம் நீடிக்கிற தட்பவெப்பம் லோஃபோட்டனுக்கு வாய்த்திருக்கிறது. ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுண்டும். தட்டினால் விறகுபோல் ஓசை வரும். பிறகு தேர்ந்த ஒருவர் பார்த்து, முகர்ந்து, தடவி இருபது தரத்துக்கும் மேலாகப் பிரிப்பார். நல்லது இத்தாலிக்கு, தனியாகக் கட்டித் தொங்கும் தலைகள் நைஜீரியாவுக்கு. பந்தல் தனியார் சொத்து, தொடாமல் பாருங்கள். அடியில் நிற்காதீர்கள், சொட்டும். இரண்டு நாள் கழித்து கிறிஸ்டியான்சுண்டில் இறங்கினால் இதன் பங்காளியைப் பார்ப்பீர்கள்: அது உப்பிட்டுப் பாறையில் பரப்பிக் காயவைத்த வகை, துறையருகே அந்த வேலை செய்த பெண்ணுக்குச் சிலை உண்டு. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் வடக்கத்தியாருக்குக் கோபம் வரும்.

பத்தாம் நாள் பிற்பகல் ப்ரொன்னோய்சுண்ட் இரண்டு மணி நேரம். நடுவில் ஓட்டை விழுந்த டோர்காட்டன் மலை ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, ஏற்றமும் உண்டு. அம்மாவோடு என்றால் ஊரைச் சுற்றிவிட்டு, கப்பல் கிளம்பிய பின் மேல் தளத்திலிருந்து மலையைப் பாருங்கள்.

இனி கப்பலை விட்டுவிட்டால். கேபின் அட்டையை இறங்கும்போதும் ஏறும்போதும் தேய்ப்பதால் நீங்கள் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரியும், அவ்வளவுதான், சொந்தமாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த நாள் அதே மணிக்கு இன்னொரு கப்பல் வரும், ஆனால் உங்கள் கேபினும் பெட்டியும் முந்தின கப்பலில். சாலை வழியாக அடுத்த துறைக்கு விரட்டிப் பிடிப்பது தெற்கே சில இடங்களில் முடியும். ட்ரொம்சோவிலிருந்து ஷெர்வோய்க்குச் சாலையிலும் கப்பலுக்கு ஆகும் நான்கு மணி நேரமே ஆகிவிடும். ஹானிங்ஸ்வோக்கிலிருந்து ஷோல்லெஃபியோர்டுக்கு இரண்டு பெரிய ஃபியோர்டுகளைச் சுற்ற வேண்டும், கப்பல் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். எனவே ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பாஸ்போர்ட், வங்கி அட்டை, அம்மாவின் இரண்டு நாள் மாத்திரை, கைபேசி சார்ஜர் நாலும் தோள்பையில் இருக்கட்டும். கப்பலின் தொலைபேசி எண் கைபேசியில் மட்டும் இல்லாமல் தாளிலும்.

அம்மாவுக்கு உண்மையான சிரமம் நடையை விட ஏணிப்பாலம்தான். வடக்கே நீரேற்றமும் வற்றமும் பெரியது. ஒரே துறையில் காலையில் சமமாக இருந்த பாலம் மாலையில் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். முதல் கூட்டம் இறங்கி முடியட்டும், பிறகு கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கலாம். ஊன்றுகோல் கொண்டுவாருங்கள். சிறு ஊர்களில் டாக்சி இரண்டு மூன்றுதான் இருக்கும். கப்பல் வரவேற்பில் முந்தின நாளே சொல்லி வைத்தால் துறைக்கு வந்து நிற்கும். ஏறுமுன் மொத்தக் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள், மீட்டர் ஓட்டம் நெஞ்சை அடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், பெந்தெகொஸ்தே விடுமுறையும் இந்த வாரங்களை ஒட்டித்தான் வரும். மே 17 தேசிய நாள்; அன்று எந்த ஊரில் கப்பல் நின்றாலும் அருங்காட்சியகத்தைத் தேடாமல் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலத்தைப் பாருங்கள், பாரம்பரிய உடையில் ஊரே தெருவில் நிற்கும். ரொக்கம் மாற்ற வேண்டாம், கழிப்பறைக் கட்டணம்கூட அட்டையில்தான். குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கலாம். பனிக்கு ஆணி வைத்த காலணி மே மாதத்தில் ஊருக்குள் தேவைப்படாது, ஆனால் காற்றும் மழையும் புகாத மேலங்கி மூவருக்கும் வேண்டும்; ட்ரான்ஹெய்மில் சட்டையோடு திரிந்துவிட்டு மூன்றே நாளில் நார்த் கேப்பில் பனித்தூறலில் நிற்பீர்கள்.

கடைசி நாள் பெர்கன் வந்து சேர்வது பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கு. மாலை ஏழுக்கு முன் விமானம் போடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் காற்று அடித்தால் முதலில் தாமதமாவது இந்தத் துறைதான். விமான நிலையத்துக்கு நகர ரயிலில் சுமார் 45 நிமிடம். ஓர் இரவு தங்க முடிந்தால் தங்குங்கள். துறையோர ப்ரிக்கென் மரவீடுகளை ஹன்ஸா என்னும் ஜெர்மானிய வணிகச் சங்கத்தார் 1360 வாக்கிலிருந்து நடத்தியதே ஸ்வோல்வாரில் பார்த்த அந்தக் கருவாட்டை வாங்கி விற்கத்தான். 1702 தீக்குப் பின் எழுப்பிய சாய்ந்த சந்துகளுக்குள் மாலை ஆறு மணிக்கு மேல் நுழைந்தால் கூட்டம் வடிந்திருக்கும்.